மன்னிப்பும் பந்திவிலக்கும்



கிறிஸ்து சமயத்தை வெளியே நின்று பார்க்கிறவர்களுக்கும், அதற்குள்ளேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கும் ஒருங்கே தெரிந்த விஷயம், அது மன்னிப்பைப் பேசும் சமயம் என்பது. அதே சமயத்தின் சரித்திரத்தில், ஒரு மனிதனைப் பந்தியிலிருந்து எழுப்பி, அவனோடு அன்னந்தண்ணீர் புழங்குவதை நிறுத்தி, கண்டாலும் காணாதவர்போல் நடக்கச் செய்யும் பகிஷ்காரம் என்னும் வழக்கமும் முதல் நூற்றாண்டு தொட்டு இன்றுவரை இடையறாமல் வந்துகொண்டிருக்கிறது என்பதை மேடைகளில் அவ்வளவாக எவரும் எடுத்துப் பேசுவதில்லை. பேச நேர்ந்தாலும், மன்னிப்பு கிறிஸ்துவினுடையது, விலக்கு பின்வந்த மனிதர்கள் புகுத்தியது என்று சொல்லி விஷயத்தைச் சுலபமாக முடித்துவிடுகிறார்கள். அந்த விடை எனக்குத் திருப்தி அளிக்கவில்லை. ஏனெனில், இரண்டும் ஒரே அத்தியாயத்தில், ஒரே வாயிலிருந்து பிறந்தனவாகவே சுவிசேஷத்தில் எழுதப்பட்டிருக்கின்றன.

மத்தேயு எழுதிய சுவிசேஷத்தின் பதினெட்டாம் அத்தியாயத்தைச் சொல்கிறேன். பரலோக ராஜ்யத்தில் பெரியவன் யார் என்று சீஷர்கள் கேட்க, இயேசு ஒரு சிறு குழந்தையை அழைத்து அவர்கள் நடுவே நிறுத்துவதில் அந்த அத்தியாயம் தொடங்குகிறது. அத்தகைய சிறியவர்களை இடறி விழச் செய்கிறவனுக்கு நேரும் கேட்டைவிட, கழுத்தில் திரிகைக்கல்லோடு கடலில் மூழ்கிப்போவதே மேல் என்னும் எச்சரிக்கை அடுத்து வருகிறது. அதன் பின்னர், நூறு ஆடுகளில் வழிதப்பிய ஒன்றைத் தேடி மற்ற தொண்ணூற்றொன்பதையும் மலையில் விட்டுப்போகும் மேய்ப்பனின் உவமை. இவ்வளவும் ஆன பிறகே, குற்றம் செய்த சகோதரனை என்ன செய்வது என்னும் சட்டம் வருகிறது: முதலில் அவனும் நீயும் தனித்திருக்கையில் சொல்லவேண்டும், கேளாவிட்டால் ஒருவரையோ இருவரையோ உடன் அழைத்துச் செல்லவேண்டும், அதற்கும் இணங்காவிட்டால் சபைக்கு அறிவிக்கவேண்டும், சபைக்கும் செவிகொடாதவனை அஞ்ஞானியைப் போலவும் ஆயக்காரனைப் போலவும் வைத்துக்கொள்ளவேண்டும். இந்தச் சட்டத்தின் ஓசை அடங்குமுன்பே பேதுரு எழுந்து, என் சகோதரனை எத்தனை தடவை மன்னிப்பது, ஏழு தடவை போதுமா என்று கேட்கிறான். எண்ணிக்கையே தலைகுப்புற விழும்படி எழுபது ஏழுகள் என்று விடை கிடைக்கிறது. அதைத் தொடர்ந்து, பெருங்கடன் மன்னிக்கப்பெற்றவன் சிறுகடனுக்காகத் தன் உடன் ஊழியனின் தொண்டையைப் பிடித்த கதையுடன் அத்தியாயம் முடிகிறது.

அந்தக் கதையில் வரும் தொகைகளைச் சற்றே கணக்கிட்டுப் பார்ப்பது நலம். ஒரு தாலந்து என்பது ஏறக்குறைய 6,000 தினாரி. ஒரு தினாரி கூலியாளின் ஒருநாள் சம்பளம். அரசனிடம் அந்த ஊழியன் பட்டிருந்த கடன் 10,000 தாலந்து, அதாவது 6 கோடி நாள்களின் கூலி. ஒரு நாளும் ஓயாமல் உழைத்தாலும் ஒன்றரை லட்சம் ஆண்டுகளுக்கு மேல் பிடிக்கும். கலிலேயாவையும் பெரேயாவையும் ஆண்ட ஏரோது அந்திப்பாவுக்கு வருஷத்தில் கிடைத்த வருமானமே 200 தாலந்துதான் என்று யூத சரித்திராசிரியர் ஜொஸீபஸ் எழுதியிருப்பதால், இந்தக் கதையைக் கேட்ட கலிலேயக் குடியானவர்கள் தங்கள் அரசனே ஐம்பது வருஷம் வசூலித்தால்தான் தீரும் கடன் என்று உடனே உணர்ந்து சிரித்திருப்பார்கள். அவனுக்கு அவனுடைய தோழன் தரவேண்டியிருந்ததோ 100 தினாரி. அதுவும் அற்பமான தொகை அன்று. மூன்று மாதக் கூலிக்கு மேல். மனிதர் நமக்குச் செய்யும் தீங்கை ஒன்றுமில்லாத தீங்கு என்று சொல்லி மழுப்பாமலே, அதை ஆறு லட்சத்தில் ஒரு பங்காகக் காட்டியிருக்கும் நுட்பத்தை உரையாசிரியர்கள் பலர் கவனியாமற் போய்விடுகிறார்கள்.

ஆக, விலக்கின் சட்டம் தொலைந்த ஆட்டுக்கும் மன்னிக்கப்பட்ட கடனுக்கும் நடுவே வைக்கப்பட்டிருக்கிறது. அதன் முன்னே தேடுதலும் பின்னே மன்னித்தலும் நிற்க, இடையில் மட்டும் பிரிதல் நிற்கிறது. இதை எழுதியவனாகப் பரம்பரை சொல்லும் மத்தேயுவோ, கப்பர்நகூமின் ஆயத்துறையில் உட்கார்ந்திருந்து, அங்கிருந்தே அழைக்கப்பட்டு எழுந்துபோன ஆயக்காரன். ஆயக்காரர்களோடு ஒரே பந்தியில் உண்கிறார் என்பதே இயேசுவின்மேல் ஊரார் சுமத்திய பெரும் பழியாயிருக்க, அவனை ஆயக்காரனைப் போல் வைத்துக்கொள் என்று அவர் சொன்னதற்கு என்ன பொருள்? அது விலக்கே அன்று, விருந்துக்கு அழைப்பு என்று இக்காலத்துப் பிரசங்கிகள் சிலர் பொருள் சொல்வதுண்டு. கேட்கச் சுவையாயிருப்பினும், அத்துணை தூரம் போக நான் தயாராயில்லை. சபை முழுவதும் கூடிக் கேட்டும் இணங்காதவனைப் பற்றிய வாக்கியத்தில் கடுமை இல்லையென்று சாதிப்பது நூலுக்கு நியாயம் செய்வதாகாது. ஆனால், அவன் சபைக்குள் இருக்கும் சகோதரன் என்னும் நிலையிலிருந்து, இனித் தேடிப்போய் அழைக்கவேண்டியவன் என்னும் நிலைக்கு மாறுகிறான் என்ற அளவில் அந்தக் கருத்தை ஒப்புக்கொள்ளலாம்.

இங்கே என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன். மன்னிப்பதற்கு ஒருவர் போதும். தீங்கு பட்டவர், தீங்கு செய்தவன் கேளாமலே, அவன் அறியாமலே, அவன் இறந்த பின்னும்கூட மன்னிக்கலாம். சேர்ந்து உண்பதற்கு இருவர் வேண்டும். இவ்விரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தில்தான் விலக்கு என்பது நியாயமாக நிற்க இடமுண்டு. அந்த இடத்தைத் தாண்டி அது மன்னிப்பின் எல்லைக்குள் புகும்போதும், மன்னிப்பு அதன் எல்லையைத் தாண்டி விலக்கு நிற்கவேண்டிய இடத்தை ஆக்கிரமிக்கும்போதும் விபரீதம் நிகழ்கிறது. இருபது நூற்றாண்டுச் சரித்திரத்தில் இரண்டுக்கும் திருஷ்டாந்தங்கள் உண்டு.

முதல் திருஷ்டாந்தம் கொரிந்து பட்டணம். துறைமுகச் செல்வமும் அதற்குரிய துர்ப்பழக்கங்களும் நிறைந்த அந்நகரத்துச் சபையில் ஒருவன் தன் தகப்பனுடைய மனைவியை வைத்துக்கொண்டிருக்கிறான் என்னும் செய்தி எபேசுவிலிருந்த பவுலுக்கு எட்டுகிறது. அவர் எழுதிய முதல் நிருபத்தின் ஐந்தாம் அத்தியாயம், அவனைச் சபையிலிருந்து நீக்கவும், அப்படிப்பட்டவனோடு சாப்பிடவும் கூடாதென்று கட்டளையிடுகிறது. பிற்காலத்துப் பகிஷ்காரங்கள் எல்லாவற்றுக்கும் மூலசாஸனம் இந்த அத்தியாயமே. ஆனால் அதில் பவுலுடைய கோபம் அந்த மனிதன்மேல் இருப்பதைவிடச் சபையார்மேல் அதிகமாயிருக்கிறது. அவர்கள் துக்கப்படாமல் இறுமாந்திருந்தார்கள் என்பதே அவருடைய முதற்குற்றச்சாட்டு. ஒருவனை நீக்கும் அதிகாரம், அவனுக்காக அழத் தெரிந்தவர்களுக்கே உண்டு என்று அவர் கருதியிருந்ததாக எனக்குத் தோன்றுகிறது. இரண்டாம் நிருபத்தில், பெரும்பாலார் சேர்ந்து விதித்த தண்டனை ஒருவனுக்குப் போதுமென்றும், அளவுக்கு மிஞ்சிய துக்கத்தில் அவன் அமிழ்ந்துபோகாதபடி இனி அவனை மன்னித்துத் தேற்றவேண்டுமென்றும் எழுதுகிறார். இவனும் முன்னவனும் ஒருவன்தானா என்பது பழைய வழக்கு. யோவான் கிறிஸோஸ்தோமு முதலானோர் ஒருவனே என்றார்கள். கடுநெஞ்சரான தெர்த்துல்லியன், அத்தகைய பாவிக்கு மன்னிப்பா என்று கொதித்து, இவன் வேறு எவனோ என்று ஒரு நூலே எழுதினார். ஒருவன் மன்னிக்கப்பட்டுவிட்டானே என்ற மனவருத்தம் வியாக்கியானத்தையே உருவாக்கவல்லது என்பதற்கு இது நல்ல சாட்சி. தெசலோனிக்கேயருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் கடைசி அத்தியாயத்திலும், கீழ்ப்படியாதவனோடு கலவாதிருக்கச் சொல்லிய கையோடு, அவனைச் சத்துருவாக எண்ணாமல் சகோதரனாகப் புத்திசொல்லும்படி ஒரு நிபந்தனை சேர்க்கப்பட்டிருக்கிறது. விலக்கியவனோடு பேசாமலிருந்தால் அவனுக்குப் புத்திசொல்வது எப்படி என்னும் கேள்வியைப் பின்வந்த சபைகள் பல கேட்டுக்கொள்ளவேயில்லை.

அடுத்து இருநூறு ஆண்டுகளைத் தாண்டி ஆப்பிரிக்கக் கடற்கரையிலுள்ள கார்த்தேஜ் நகரத்துக்கு வருவோம். ரோமச் சக்கரவர்த்தி டெசியஸ், பிரஜைகள் யாவரும் தேவதைகளுக்குப் பலியிட்டு, அப்படியிட்டதற்கு அதிகாரிகளிடம் அத்தாட்சிச் சீட்டு வாங்கவேண்டுமென்று ஆணையிட்டான். எகிப்தின் மணலிலிருந்து அந்தச் சீட்டுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டவை கிடைத்திருக்கின்றன. பெரும்பாலானவை 250-ஆம் ஆண்டின் கோடைக்காலத்தவை. உயிருக்குப் பயந்து பலியிட்டவர் பலர். தூபம் மட்டும் போட்டவர் சிலர். பலியும் இடாமல், தூபமும் போடாமல், இலஞ்சம் கொடுத்துச் சீட்டை மட்டும் வாங்கி மடியில் முடிந்துகொண்ட சமர்த்தர்களும் இருந்தார்கள். புயல் ஓய்ந்ததும் இத்தனை பேரும் கோயில் வாசலில் வந்து நின்றார்கள். சிறையிலிருந்து மீண்ட தியாகிகளோ, தங்கள் பாடுகளின் பேரால் இவர்களுக்குச் சமாதானச் சீட்டுகளைத் தாராளமாக எழுதிக் கொடுக்கத் தொடங்கினார்கள். அரசனுடைய சீட்டால் விழுந்தவர்கள் தியாகியின் சீட்டால் எழுந்துகொள்ளலாம் என்றாயிற்று.

கார்த்தேஜின் அத்தியட்சரான சிப்பிரியான், புயலின்போது மறைந்திருந்து கடிதங்களால் சபையை நடத்தியவராகையால், அவர் வாய்திறக்கவே சிலர் அனுமதிக்க மனமின்றியிருந்தனர். அவர் இரண்டு பக்கமும் போராடவேண்டியிருந்தது. ஒருபுறம், பரிசோதனையின்றி அன்றைக்கே எல்லோரையும் சேர்த்துக்கொள் என்ற கட்சி. மறுபுறம், விழுந்தவர்களைச் சாகும்வேளையிலும் சேர்க்கவே கூடாதென்று ரோமாபுரியில் 251-ஆம் ஆண்டில் எதிர் அத்தியட்சராக எழும்பிய நோவாத்தியனுடைய கட்சி. அவ்வருஷம் கூடிய கார்த்தேஜ் சங்கம், சீட்டு மட்டும் வாங்கியவர்களைத் தனித்தனியே விசாரித்துச் சேர்க்கலாமென்றும், பலியிட்டவர்கள் பிராயச்சித்தத்தில் நிலைத்திருந்தால் மரணத்தறுவாயில் சேர்க்கலாமென்றும் தீர்மானித்தது. சில காலத்துக்குள் புதிய உபத்திரவம் நெருங்கும் அறிகுறி கண்டபோது, பிராயச்சித்தத்தில் இருக்கும் அனைவரையும் உடனே சேர்த்துக்கொள்வதென்று மற்றொரு சங்கம் முடிவு செய்தது. அதற்குச் சொன்ன நியாயம் சிந்திக்கத்தக்கது: கிறிஸ்துவுக்காக இரத்தம் சிந்தவேண்டுமென்று எந்த மனிதனைக் கேட்கப்போகிறோமோ, அவனுக்குக் கிறிஸ்துவின் இரத்தமாகிய பாத்திரத்தை மறுப்பது எவ்விதம்? கொள்கை கடுமையாயிருந்தும், கண்முன்னிருந்த மனிதர்களுடைய ஆபத்தைக் கண்டு அதை நெகிழ்த்துவதற்கு அவர்கள் வெட்கப்படவில்லை. சிப்பிரியானும் 258-இல் தலை வெட்டுண்டு மாண்டார்.

நோவாத்தியனுடைய கட்சியார் தங்களைத் தூயர் என்று அழைத்துக்கொண்டு நெடுங்காலம் வாழ்ந்தார்கள். 325-இல் நிசேயா சங்கத்துக்கு அவர்களுடைய அத்தியட்சர் அசேசியஸ் என்பவரும் அழைக்கப்பட்டிருந்தார். கொள்கையில் பேதமில்லையென்றால் ஏன் பிரிந்திருக்கிறீர் என்று கான்ஸ்டன்டைன் சக்கரவர்த்தி கேட்க, அவர் தம் முன்னோரின் கடுஞ்சட்டத்தை விவரிக்க, அப்படியானால் ஓர் ஏணியை வைத்து நீர் ஒருவரே மோட்சத்துக்கு ஏறும் என்று சக்கரவர்த்தி சொன்னதாகச் சபைச் சரித்திரம் எழுதிய சாக்ரட்டீஸ் கூறுகிறார். தம் வீட்டாரையே கொல்வித்தவர் என்று பின்னாளில் பெயரெடுத்த அந்த மன்னருடைய வாயில் இந்தப் பரிகாசம் அத்துணை அழகாயில்லைதான். என்றாலும் பரிகாசத்தில் பழுதில்லை. அதே சங்கம், நிர்ப்பந்தமின்றி மறுதலித்தவர்களுக்கு வேதவாசகம் கேட்போர் நடுவே மூன்று வருஷம், முழங்காலிடுவோர் நடுவே ஏழு வருஷம், ஜெபத்தில் மட்டும் பங்குகொண்டு நற்கருணையின்றி இரண்டு வருஷம் என்று பன்னிரண்டு வருஷக் கிரமம் வகுத்தது. நீண்ட தண்டனைதான், ஆனால் படிப்படியாக உள்ளே வரும் தண்டனை. முடிவு தெரிந்த விலக்கை மனிதன் தாங்குவான். தேதி குறிக்கப்படாத விலக்கு வேறு ஜாதி.

அதிகாரம் படைத்தோர்மேல் இந்த ஆயுதம் பிரயோகிக்கப்பட்ட கதைகளைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. தெசலோனிக்கேயாவில் தேரோட்டி ஒருவனைச் சிறையிட்டதற்காக ஜனங்கள் சேனாதிபதியைக் கொன்றதும், அதற்குப் பழியாகச் சக்கரவர்த்தி தியோடோசியஸ் 390-இல் அந்நகர மக்களைக் கொல்வித்ததும், மிலான் நகரத்து அத்தியட்சர் அம்புரோசியார் அவர் முன்னிலையில் பலிபூசை நடத்த மறுத்து அவருக்குக் கடிதம் எழுதியதும், சக்கரவர்த்தி அரச சின்னங்களைக் களைந்து வெளிப்படையாகப் பிராயச்சித்தம் செய்து அவ்வாண்டு கிறிஸ்துமஸில் சேர்க்கப்பட்டதும் உங்களில் பலர் அறிந்தவை. கோயில் வாசலில் கையை நீட்டித் தடுத்த காட்சி பின்னோர் கற்பனை, ஓவியர்களுக்கு உதவியது. கொலையுண்ட மக்களுக்காக அரசனை நிறுத்தியது நியாயமான விலக்கு. எழுநூறு ஆண்டுகள் கழித்து, 1077 ஜனவரியில் கனோஸா கோட்டை வாசலில், தன்னை விலக்கிய பாப்பரசரின் மன்னிப்பை வேண்டி ஜெர்மானிய அரசன் நான்காம் ஹென்றி மூன்று நாள் பனியில் நின்றதோ வேறு விஷயம். மூன்றே ஆண்டுகளில் அவன் மறுபடியும் விலக்கப்பட்டான், அவனும் எதிர்ப் பாப்பரசரை ஏற்படுத்தினான், அந்தப் பாப்பரசர் ஏழாம் கிரகோரியார் 1085-இல் சலேர்னோவில் அகதியாக மாண்டார். அங்கே மன்னிப்பும் விலக்கும் சதுரங்கக் காய்களாய்விட்டன.

நம் விஷயத்தின் சாரம் இருப்பது பதினாறாம் நூற்றாண்டில், குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதை மறுத்து, விசுவாசத்தை அறிந்து ஒப்புக்கொண்டவர்களுக்கே அது உரியது என்று எழும்பிய கூட்டத்தாரிடம். அவர்களைக் கத்தோலிக்கரும் சீர்திருத்தக்காரரும் போட்டியிட்டுக் கொன்றார்கள். சூரிக் நகரத்தில் பெலிக்ஸ் மான்ஸ் 1527 ஜனவரி 5-ஆம் தேதி லிம்மட் ஆற்றில் மூழ்கடிக்கப்பட்டார். அடுத்த மாதம் 24-ஆம் தேதி, ஷ்லைட்ஹைம் என்னும் ஊரில் மறைவாகக் கூடிய சிலர், மைக்கேல் சாட்லர் என்பவர் வரைந்ததாகக் கருதப்படும் ஏழு விதிகளை ஏற்றுக்கொண்டார்கள். இரண்டாவது விதி சபைவிலக்கு. ஆறாவது விதி பட்டயம். இவை இரண்டையும் சேர்த்துப் படிக்கவேண்டும். பட்டயம் கிறிஸ்துவின் பூரணத்துக்கு வெளியே ராஜாங்கத்துக்கு உரியது என்றும், சபைக்குள் தவறியவனுக்குச் செய்யத்தக்கது விலக்கு ஒன்றே என்றும் அவர்கள் எழுதினார்கள். சமயபேதிகளைக் கொளுத்துவது சாதாரணக் காரியமாயிருந்த நூற்றாண்டில், ஒரு சபை செய்யக்கூடிய அதிகபட்ச ஹிம்சை உன்னோடு உண்ணமாட்டேன் என்று சொல்வதே என்று வரையறுத்தவர்கள் இவர்கள். பகிஷ்காரத்தைக் கொடுமை என்று மட்டும் அறிந்தவர்கள், அது பிறக்கும்போது கருணையாகப் பிறந்தது என்பதை மறக்கலாகாது. அந்த விதிகள் எழுதப்பட்ட மூன்றாம் மாதத்தில் ராட்டன்பர்க்கில் சாட்லரின் நாவை அறுத்து அவரை உயிரோடு எரித்தார்கள். சில நாள்களில் அவருடைய மனைவியை ஆற்றில் ஆழ்த்தினார்கள்.

வளர்ந்தபோது அது எப்படி வளர்ந்தது? டச்சு தேசத்தில் குருப்பட்டத்தைத் துறந்து 1536-இல் இக்கூட்டத்தாரோடு சேர்ந்த மென்னோ சைமன்ஸ், விலக்கைப் பற்றி வாழ்நாளெல்லாம் எழுதினார். எழுத எழுத, கேள்வி வீட்டுக்குள் புகுந்தது. புருஷன் விலக்கப்பட்டால் மனைவி அவனோடு பந்தியையும் படுக்கையையும் துறக்கவேண்டுமா? எம்டன் நகரத்துப் பெண்ணொருத்தி 1556-இல் அவ்வாறு துறக்க மறுத்தாள். லேனார்ட் பௌவென்ஸ் என்னும் மூப்பர் அவளையும் விலக்குவேன் என்றார். மென்னோ முதலில் அதைத் தடுத்துக் கடிதம் எழுதி, பின்னர் கடுங்கட்சியின் பக்கமே சாய்ந்துவிட்டார். சாந்தமான அந்த மனிதர் அவ்வாறு சாய்ந்ததை அவருடைய சரித்திரத்திலே நான் வருத்தத்தோடு படிக்கும் பகுதியாகக் கருதுகிறேன். 1632-இல் டோர்ட்ரெக்ட் நகரத்தில் பதினெட்டு விதிகளாக எழுதப்பட்ட அறிக்கையின் பதினேழாவது விதி இதையெல்லாம் ஓர் அளவுக்குள் கொண்டுவர முயன்றது: விலக்கப்பட்டவனோடு உணவிலும் பழக்கத்திலும் விலகியிருக்கவேண்டும், ஆயினும் அவன் பசித்தால் உணவும், தாகமுற்றால் நீரும், நோயுற்றால் உதவியும் தரவேண்டும், அவனை அழிப்பதற்கன்றித் திருத்துவதற்கே இது என்று நினைவிருக்கவேண்டும்.

சுவிட்சர்லாந்து மலைநாட்டிலிருந்த இக்கூட்டத்தார் இந்தப் பந்திவிலக்கை அவ்வளவாகக் கைக்கொள்ளவில்லை. 1693-இல் ஜேக்கப் அம்மான் என்னும் மூப்பர் ஊரூராய்ச் சென்று, இதை ஒப்புகிறீரா மறுக்கிறீரா என்று போதகர்களைக் கேட்டார். வயோதிகராயிருந்த ஹான்ஸ் ரைஸ்ட், ஆயக்காரரோடு உண்ட கிறிஸ்துவைக் காட்டினார். அம்மான் கொரிந்தியருக்கு எழுதிய நிருபத்தைக் காட்டினார். முடிவில் ரைஸ்டையும் அவரைச் சார்ந்தோரையும் அம்மான் விலக்கிவிட்டார். விலக்கைப் பற்றிய கருத்துவேற்றுமைக்கு விலக்கே தண்டனையாயிற்று. அம்மானைப் பின்பற்றியவர்களே ஆமிஷ் எனப்படுவோர்.

இன்று அமெரிக்காவில், முக்கியமாகப் பென்சில்வேனியா, ஒஹையோ, இந்தியானா மாகாணங்களில் குதிரைவண்டியோடும் ஏரோடும் வாழும் இம்மக்கள், 1900-ஐ ஒட்டி சுமார் 5,000 பேராயிருந்து இப்போது மூன்றரை லட்சத்துக்கு மேற்பட்டிருக்கிறார்கள். இதற்கு முதற்காரணம் பெரிய குடும்பங்கள் என்றாலும், எல்லைகளைக் காத்ததும் ஒரு காரணமே. ஐரோப்பாவில் எல்லை தளர்ந்த ஆமிஷ் சபைகள் மென்னோவின் பெயரால் வழங்கும் மென்னோனைட் சபைகளோடு கலந்து, கடைசிச் சபையும் 1937-இல் மறைந்தது. அவர்களிடையே பிள்ளைகள் பதினெட்டு, இருபது வயதுக்கு மேல் தாமே விரும்பி முழங்காலிட்டுப் பிரதிக்ஞை செய்து ஞானஸ்நானம் பெறுகிறார்கள். அதற்கு முன் ஊரைவிட்டுப் போனவன்மேல் விலக்கு இல்லை. பெற்ற பின் போனவனுக்கோ வீட்டிலே தனி மேஜை, அவன் கையிலிருந்து எதையும் வாங்குவதில்லை, அவனோடு வாணிபம் இல்லை. தாய் பரிமாறுவாள், ஒரே மேஜையில் உட்காரமாட்டாள். ஒஹையோவில் ஒரு விவசாயி, நோயுற்ற மகளை வைத்தியத்துக்குக் கொண்டுபோக மோட்டார் வண்டி தேவைப்பட்டுச் சபையை மாற்றிக்கொண்டார், விலக்கப்பட்டார், 1947-இல் சபைப் பெரியவர்கள் நால்வர்மேல் 40,000 டாலர் கேட்டு வழக்குத் தொடுத்தார். நடுவர் குழு 5,000 டாலர் தரும்படி தீர்த்தது.

இதே மக்களிடையேதான் 2006 அக்டோபர் 2-ஆம் தேதி, பென்சில்வேனியாவின் நிக்கல் மைன்ஸ் கிராமத்து ஓரறைப் பள்ளிக்கூடத்தில், அண்டையூர்ப் பால்வண்டி ஓட்டுநன் ஒருவன் நுழைந்து பத்துச் சிறுமிகளைச் சுட்டான், ஐவர் இறந்தனர், அவனும் தன்னைச் சுட்டுக்கொண்டான். அன்று மாலையே ஆமிஷ் அயலார் அவனுடைய விதவையின் வீட்டுக்குச் சென்று ஆறுதல் சொன்னார்கள். அவனுடைய சவ அடக்கத்துக்கு வந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர், குழந்தைகளை அடக்கம்செய்த பெற்றோர் சிலரும் உட்பட, ஆமிஷ்காரர்கள். தங்களுக்கு வந்த உதவித்தொகையில் அந்தக் குடும்பத்துக்கும் பங்கு கொடுத்தார்கள். உலகம் வியந்தது, பிறகு நியாயமாகவே கேட்டது: தம் பிள்ளைகளைக் கொன்ற அந்நியனை அன்றே மன்னிக்கிறவர்கள், மோட்டார் வாங்கிய சொந்த மகனை ஏன் ஆயுள் முழுவதும் தனி மேஜையில் உட்காரவைக்கிறார்கள்?

அவர்கள் சொல்லும் சமாதானம் தர்க்கத்துக்குப் பொருந்துவதுதான். கொலையாளி அவர்களோடு எந்தப் பிரதிக்ஞையும் செய்தவனல்லன். அவனைத் தண்டிப்பது ராஜாங்கத்துக்கும் கடவுளுக்கும் உரியது. தங்களுக்கு உரியது மனத்தில் பகை வையாமை. மகனையும் மன்னித்துவிட்டார்கள், ஆனால் அவன் தானாகச் செய்த சத்தியத்தை முறித்திருக்கிறான், திரும்பி முழங்காலிட்டால் அன்றே பந்தியில் இடமுண்டு. மன்னிப்புக்கு ஒருவர், பந்திக்கு இருவர் என்று நான் முன்னே சொன்னதையே அவர்கள் வாழ்ந்து காட்டுகிறார்கள் என்று வாதிடவும் கூடும். இருந்தும் என் மனம் முழுவதும் ஒப்பவில்லை. அந்நியனுடைய துப்பாக்கி குழந்தைகளைக் கொன்றதேயன்றி, அவர்களுடைய வாழ்க்கைமுறை சரியா என்று அவர்களைக் கேட்கவில்லை. மகனுடைய மோட்டார் அதைக் கேட்கிறது. கேள்விக்குப் பயப்படும் அளவுக்கேற்ப மேஜை தூரப்போகிறது. கொரிந்திலே நீக்கப்பட்டவனால் கெடுதல் அடைந்த தகப்பன் ஒருவன் இருந்தான். தெசலோனிக்கேயாவிலே பிணங்கள் இருந்தன. நோயாளி மகளை ஏற்றிய வண்டியினால் கெட்டவர் யார் என்று தேடினால், விதியைத் தவிர வேறு எவரும் அகப்படவில்லை. விதிக்குச் செய்த தீங்கை யார் மன்னிப்பது? விதிக்கு இருதயம் இல்லை. ஆகையால் அத்தகைய விலக்கு சுபாவமாகவே முடிவற்றதாகிவிடுகிறது.

மறுபுறத்து விபரீதத்தையும் மறைக்கலாகாது. இந்தச் சமூகங்களிலும், இன்னும் பல கிறிஸ்தவ சபைகளிலும், குற்றம் செய்தவன் சபைமுன் முழங்காலிட்டு அறிக்கையிட்டு, ஆறு வாரம் போன்ற குறுகிய காலம் விலகியிருந்து திரும்பிவிட்டால், அதன்பின் அந்தக் குற்றத்தைப் பற்றி எவரும் வாய்திறக்கக் கூடாது. திறப்பவர் மன்னியாதவர் என்னும் பாவத்துக்கு ஆளாவர். குடியிலும் கோபத்திலும் தவறியவனுக்கு இது பேருபகாரம். குற்றம் ஒரு குழந்தையின் உடம்பின்மேல் செய்யப்பட்டதாயிருந்தால்? அப்போது மன்னிக்கும் கடமை அந்தக் குழந்தையின் தலையில் கட்டப்படுகிறது; தொட்டவனோடு அதே கூடத்தில் உட்கார்ந்து பாடவேண்டியவள் அவள்; அழுதால் குற்றவாளியும் அவளே. பதினெட்டாம் அத்தியாயத்தில் குழந்தையை நடுவே நிறுத்தித் திரிகைக்கல்லைக் காட்டிய பிறகே மன்னிப்பின் எண்ணிக்கை பேசப்பட்டது என்பதை அந்த மூப்பர்களுக்கு யார் எடுத்துச் சொல்வது? மன்னிப்பதற்கு ஒருவர் போதும் என்றால், அந்த ஒருவர் தீங்கு பட்டவராகவே இருக்கவேண்டும். அவருக்குப் பதிலாகச் சபை மன்னிக்க முடியாது. இத்தகைய இடத்தில் விலக்கு நீடிக்கவேண்டும், நியாயாதிபதியும் வரவேண்டும். தியோடோசியஸை விலக்கி நிறுத்திய நியாயமே இங்கும் நியாயம்.

ஜேக்கப் அம்மான் கதையை நான் பாதியில் விட்டுவிட்டேன். பிளவு ஏற்பட்டுச் சில வருஷங்களுக்குப் பின், 1700-ஐ ஒட்டி, அவரும் அவருடைய தோழர் சிலரும் தாங்கள் அவசரப்பட்டுப் பிழை செய்ததாக ஒப்புக்கொண்டு, தங்களைத் தாங்களே விலக்குக்கு உட்படுத்திக்கொண்டு எதிர்க்கட்சியாரிடம் சமாதானம் கேட்டார்கள். பிறரை விலக்கியவர் தம்மையே விலக்கிக்கொண்டது சபைச் சரித்திரத்தில் அடிக்கடி நடக்கும் சம்பவம் அன்று. ஆனால் பந்திவிலக்கு என்னும் கொள்கையை மட்டும் அவர்கள் விடவில்லை, ரைஸ்ட் கட்சியாரும் நம்பவில்லை, ஐக்கியம் ஏற்படவில்லை.

பெரிய சபைகளின் கதியும் இதுவே. 1054 ஜூலை 16-ஆம் தேதி, ரோமாபுரியின் தூதரான ஹம்பர்ட் கர்தினால், கான்ஸ்டான்டிநோபிளிலே பரிசுத்த சோபியா கோயிலின் பீடத்தின்மேல் விலக்கோலையை வைத்துவிட்டு வெளியேறினார். அவரை அனுப்பிய பாப்பரசர் அதற்கு மூன்று மாதம் முன்னமே இறந்திருந்தார். பதிலுக்குக் கிழக்கத்தியரும் தூதர்களை விலக்கினார்கள். மனிதர் சிலர்மேல் எழுதப்பட்ட அவ்வோலைகள் நாளடைவில் இரண்டு பெருஞ்சபைகளின் பிரிவுக்கே அடையாளமாகிவிட்டன. 911 ஆண்டுகள் கழித்து, 1965 டிசம்பர் 7-ஆம் தேதி, ஆறாம் பவுல் பாப்பரசரும் அதெனகோரஸ் பிதாப்பிதாவும் அந்தப் பரஸ்பர விலக்குகளைச் சபையின் நினைவிலிருந்தே அகற்றுவதாகக் கூட்டாகப் பிரகடனம் செய்தார்கள். இச்செயல் ஒன்றே பழைய பேதங்களைத் தீர்த்துவிடாது என்பதையும் அந்தப் பிரகடனத்திலேயே ஒப்புக்கொண்டார்கள். ஒரே பாத்திரத்தில் பருகும் நாள் இன்னும் வரவில்லை. அதற்கான வழியை ஆராய 1979-இல் அமைக்கப்பட்ட கூட்டுக்குழு, மறு ஆண்டு பத்மு தீவிலும் ரோது தீவிலும் முதன்முறை கூடிற்று. இன்னும் கூடிப் பேசிக்கொண்டிருக்கிறது.